இரண்டு நகர உரங்கள்: மூட்டையில் அச்சிட்டதும் அச்சிடாததும்

கடந்த தை மாதக் கடைசியில் எங்கள் மாடித்தோட்டத்துப் பைகளில் மண் மாற்ற வேண்டி வந்தபோது, நகரக் குப்பையிலிருந்து தயாரித்த மக்கிய உரத்தை இரண்டு இடங்களில் வாங்கினேன். ஒன்று, எங்கள் ஊர் உள்ளாட்சி அமைப்பு காய்கறிச் சந்தைக்குப் பின்னால் நடத்தும் உரக்கூடத்தில் 5 கிலோப் பைகளாக விற்கப்படுவது. மற்றொன்று, புறவழிச்சாலையில் உள்ள ஒரு தனியார் கிடங்கில் 50 கிலோ மூட்டையாக விற்கப்படுவது. சாணி எரு டிராக்டர் கணக்கில்தான் கிடைக்கிறது, அதை மாடிக்குச் சுமக்க ஆளும் கிடைப்பதில்லை என்பதால், மாடித்தோட்டக்காரர்கள் பலர் இப்போது இந்த இரண்டில் ஒன்றைத்தான் நாடுகிறார்கள். ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு இரண்டையும் பற்றி எழுதுகிறேன். ஊரின் பெயரையும் கிடங்கின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒரே ஒரு மூட்டையைச் சோதித்தவன் அதை விற்றவரைக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது. மேலும், இதே வகை உரம் வேறு பல ஊர்களிலும் இதே விதமாகத்தான் விற்கப்படுகிறது.

முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு: எந்தப் பொருளை வாங்கினாலும் அதன் மேல் அச்சிட்டிருப்பதை முழுவதும் படிப்பேன், பிறகு எது அச்சிடப்படவில்லை என்று தேடுவேன். இந்த இரண்டு உரங்களிலும் அச்சிடப்படாமல் இருந்தது குளோரின் கலந்த கரிம மாசுகளைப் பற்றிய செய்தி. அதாவது டையாக்சின், ஃபியூரான் (இரண்டும் பெரும்பாலும் குப்பை எரியும்போது உண்டாகும் நச்சுச் சேர்மக் குடும்பங்கள்), பி.சி.பி. (பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த நச்சு), பழைய பூச்சிக்கொல்லிகளின் எச்சம் ஆகியவை. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். பூ பூத்ததா, காய் காய்த்ததா என்று மட்டும் அறிய விரும்புபவர்களுக்கு விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டிலும் பூத்தது, இரண்டிலும் காய்த்தது.

முதலில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்தவை. உள்ளாட்சிப் பை கிலோ 20 ரூபாய். தனியார் மூட்டை 450 ரூபாய், அதாவது கிலோவுக்கு 9 ரூபாய். முதலாவது நன்கு மக்கி, மழை பெய்த மண்ணின் வாசனையுடன், கையில் பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிர்ந்தது. இரண்டாவது கரியைப் போலக் கறுப்பாக, தூளாக, மிகவும் உலர்ந்து இருந்தது. பார்த்தவுடன் எவரும் இரண்டாவதைத்தான் உயர்ந்தது என்று சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு மூட்டைகளிலும் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படியான விவரங்கள் அச்சிடப்பட்டிருந்தன. நகரக் குப்பை உரத்துக்கு அந்த ஆணை கேட்பவற்றில் முக்கியமானவை இவை: ஈரப்பதம் 15 முதல் 25 விழுக்காடு, கரிமக் கார்பன் குறைந்தது 12 விழுக்காடு, தழைச்சத்து 0.8, மணிச்சத்து 0.4, சாம்பல்சத்து 0.4 விழுக்காட்டுக்குக் குறையாமல், கார்பன்-தழைச்சத்து விகிதம் 20க்குள், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 4.0க்கு மிகாமல், 4 மில்லிமீட்டர் சல்லடையில் 90 விழுக்காடாவது இறங்க வேண்டும். இவற்றோடு கன உலோகங்களுக்கும் உச்சவரம்பு உண்டு: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15, செம்பு 300, துத்தநாகம் 1000. மாசுப் பொருள்களின் பட்டியல் இத்துடன் முடிகிறது. குளோரின் சேர்ந்த கரிமப் பொருள் ஒன்றுக்கும் அதில் வரம்பு இல்லை. ஆகவே மூட்டையில் அந்தச் செய்தி இல்லாததை விற்பவரின் குற்றமாகச் சொல்ல முடியாது. கேட்கப்படாத கேள்விக்கு அவர் விடை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். குளோரின் என்றதும் பலர் உப்பை நினைத்துக்கொண்டு, ‘உப்பு எல்லாக் குப்பையிலும்தான் இருக்கிறது’ என்கிறார்கள். உப்பில் இருப்பது குளோரைடு அயனி; தண்ணீரில் கரையும், நன்றாக நீர் விட்டால் வடிந்து போய்விடும். நான் சொல்வது கார்பன் அணுவோடு நேரடியாகப் பிணைந்த குளோரினை. அந்தப் பிணைப்பு உள்ள சேர்மங்களில் பல நீரில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை, நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாதவை. மக்கும் குப்பை உரமாகும்போது அதன் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறிவிடுகிறது. வெளியேறாதவை மிச்சத்தில் செறிந்து நிற்கின்றன. ரசம் சுண்டச் சுண்ட உப்பு ஏறுவதைப் போலத்தான் இதுவும்.

இவை குப்பைக்குள் எப்படி வருகின்றன என்பதைப் பார்த்தால், நம் ஊர்த் தெருக்களையே பார்த்ததாகும். பி.வி.சி. பிளாஸ்டிக்கின் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர், மின்கம்பியின் மேலுறை, மாத்திரை அட்டையின் கண்ணாடி போன்ற முன்பக்கம், மலிவு விலைச் செருப்பு, ரெக்சின் பை என எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. பி.வி.சி. துண்டு மண்ணில் கிடப்பதால் மட்டும் அது டையாக்சினாக மாறிவிடாது. கிடக்கும், நொறுங்கும், அதில் சேர்த்திருக்கும் ஈயக் கலவையோ மென்மையாக்கியோ சிறிது சிறிதாகக் கசியும். ஆனால் அதைக் கொளுத்தினால் கதையே வேறு. புகையும் சாம்பலும் ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஆறும் கட்டத்தில், மிச்சக் கரியும் குளோரினும் செம்பு போன்ற உலோகத் துகள்களின் துணையோடு சேர்ந்து டையாக்சின்களையும் ஃபியூரான்களையும் உண்டாக்குகின்றன. கம்பியின் மேலுறையை எரித்துச் செம்பை எடுப்பவரின் அடுப்பில், இதற்கு வேண்டிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. தெரு ஓரத்தில் சருகோடு சேர்த்துக் கொளுத்திய குப்பையின் சாம்பல் மறுநாள் காலை கூட்டி அள்ளப்பட்டு வண்டியில் ஏறுகிறது. அந்த வண்டி எங்கே கொட்டுகிறது என்பதுதான் உரம் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

எரிப்பு தவிர வேறு வழிகளும் உண்டு. மரப் பாதுகாப்புக்குப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனால் போன்ற பொருள்கள் உரக்குவியலில் இருந்தால், மக்கும் வேளையில் நொதிகளின் செயலால் எட்டுக் குளோரின் அணுக்கள் கொண்ட டையாக்சின் சிறிதளவு உருவாகக்கூடும் என்பது சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. நல்லவேளையாக அது அந்தக் குடும்பத்தில் நச்சுத்தன்மை மிகக் குறைந்த உறுப்பினர்களில் ஒன்று. பிறகு டி.டி.டி. போன்ற பழைய பூச்சிக்கொல்லிகள். இவை சிதைந்தாலும் டி.டி.இ. என்ற இன்னொரு விடாப்பிடியான பொருளாகத்தான் சிதைகின்றன. குப்பைத் தொட்டியைச் சுற்றித் தூவும் பிளீச்சிங் பவுடரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதிலுள்ள வீரியமுள்ள குளோரின் கரிமப் பொருளோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்றவற்றைச் சிறிதளவு உண்டாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை நான் பெரிய அபாயமாகக் கருதவில்லை. குவியலை மக்க வைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடுகிறது என்பதே உரம் தயாரிப்பவர் கவலைப்பட வேண்டிய செய்தி.

இதெல்லாம் பாடப்புத்தகச் சங்கதி என்று தோன்றினால், சென்னையின் பெருங்குடிக் குப்பைக்கிடங்கை நினைத்துப் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் பல பத்தாண்டுகளாகக் கொட்டி, அவ்வப்போது எரிந்துகொண்டும் இருந்த அந்த இடத்தின் மண்ணில் டையாக்சின் அளவு அதிகமாக இருப்பதை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். 2004இல் வெளியான தொடர் ஆய்வில், கிடங்கைச் சுற்றி வாழ்ந்த பெண்களின் தாய்ப்பாலிலும் அது உயர்ந்திருப்பது தெரிந்தது. குப்பைமேட்டில் மேய்ந்த மாடுகளின் பால் வழியாக வந்திருக்கலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. 2022 ஏப்ரல் இறுதியில் அதே கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததை அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய குப்பைமேடுகளைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் பணி இப்போது பல ஊர்களில் நடக்கிறது. நிலத்தை மீட்பது மிகவும் நல்ல காரியம். ஆனால் அப்படிச் சலிக்கும்போது கீழே விழும் கறுப்பு மண் பார்வைக்கு அச்சு அசலாக மக்கிய உரத்தைப் போலவே இருக்கும். பள்ளம் நிரப்ப அது ஆகும். கீரைப் பாத்திக்கு ஆகாது.

இந்தப் பின்னணியோடுதான் இரண்டு உரங்களையும் வீட்டில் சோதித்தேன். டையாக்சினை வீட்டில் அளக்க முடியாது. கன உலோகங்களைக் கிலோவுக்கு மில்லிகிராமில் அளக்கிறோம் என்றால், டையாக்சினைக் கிலோவுக்கு நானோகிராமில், அதாவது ஒரு கிலோவுக்குள் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அளக்க வேண்டும். அதற்கு மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் கருவியான, உயர் பிரிதிறன் கொண்ட நிறைமாலைமானி வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஐ.எஸ்.டி. போன்ற சில இடங்களில்தான் அந்த வசதி இருக்கிறது. கட்டணம் 450 ரூபாய் மூட்டை வாங்குபவரின் கைக்கு எட்டுவதில்லை. ஆனால் டையாக்சின் தெரியாவிட்டாலும் அது வந்திருக்கக்கூடிய வழியின் தடயங்கள் கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் துண்டும் சாம்பல் கட்டியும் அந்தத் தடயங்கள்.

ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எடுத்து, முதலில் 4 மில்லிமீட்டர் சல்லடையிலும், பிறகு மாவு சலிக்கும் சல்லடையிலும் சலித்து, தங்கியவற்றைப் பிரித்துத் தராசில் நிறுத்தேன். உள்ளாட்சிப் பையில் மக்காத பொருள் 2 கிராமுக்கும் குறைவு: பால் கவரின் மூலை, பூக்கட்டும் நார், ரப்பர் பேண்ட். கடைசி இரண்டும் சந்தைக் குப்பையின் அடையாளங்கள். தனியார் மூட்டையில் 31 கிராம் இருந்தது. கண்ணாடிச் சில்லு, மாத்திரை அட்டைத் துண்டு, ஷாம்பு பாக்கெட்டின் ஓரம், கம்பியின் மேலுறை, சிவப்பும் மஞ்சளுமான ஃபிளெக்ஸ் கிழிசல். ஒரு துண்டில் யாருடைய மீசையின் பாதியோ கூடத் தெரிந்தது. இவற்றோடு, விரலால் நசுக்கினால் மையாகும் கரிக்கட்டிகள் நிறைய இருந்தன. மூட்டையின் அழகான கறுப்பு நிறத்தில் ஒரு பங்கு மட்கிலிருந்து வந்தது, இன்னொரு பங்கு தீயிலிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

பிளாஸ்டிக் துண்டுகளில் எது பி.வி.சி. என்று அறிய இரண்டு எளிய வழிகள் உண்டு. பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் நீரில் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் நன்றாகக் கழுவிய பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி ஏமாற்றிவிடும். தண்ணீர்ப் புட்டியின் பெட் பிளாஸ்டிக்கும் மூழ்கும் என்பதால் இது முடிவான சோதனை ஆகாது. அடுத்தது, 1872இல் பைல்ஸ்டைன் என்ற வேதியியலாளர் வகுத்த செம்புக்கம்பிச் சோதனை. செம்புக் கம்பியைச் சுடரில் காட்டிப் பச்சை நிறம் முற்றிலும் மறையும் வரை சூடாக்கி, அந்தச் சூட்டோடு பிளாஸ்டிக் துண்டைத் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும்போது சுடர் பளிச்சென்று பச்சையாகும். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு எத்தனையோ முறை செய்துகாட்டியது இது. மூழ்கிய 14 துண்டுகளில் 9 பச்சை காட்டின. ஃபிளெக்ஸ் கிழிசலும் கம்பி மேலுறையும் அவற்றில் முதல் வரிசை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தச் சோதனையே மிகச் சிறிய அளவில் குளோரின் பிளாஸ்டிக்கை எரிப்பதுதான். கடுகளவு துண்டோடு, வீட்டுக்கு வெளியே, புகை முகத்தில் அடிக்காதபடி காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நின்று செய்ய வேண்டும். அடுக்களையில் செய்யக் கூடாது.

குளோரின் மாசுகளில் இன்னொரு வகை களைக்கொல்லிகள். இவற்றுக்குச் செடியே கருவி. 1999, 2000ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் நகரின் உரத்தையும் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல்மன் வளாக உரத்தையும் இட்ட தோட்டங்களில் தக்காளியும் பீன்ஸும் சுருண்டு கருகின. முக்கியக் காரணம் குளோபைராலிட் என்ற களைக்கொல்லி. மூலக்கூறில் இரண்டு குளோரின் அணுக்கள் கொண்டது. புல்வெளியில் தெளித்தது, வெட்டிய புல்லோடு உரக்குவியலுக்குப் போய், அங்கே பல வாரச் சூட்டையும் தாங்கி, நூறு கோடியில் சில பங்கு என்ற அளவிலேயே செடியைக் கெடுத்தது. அந்த மாநிலம் 2002இல் புல்வெளிகளில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. நம் வயல்களில் அந்தப் பொருளைவிட 2,4-டி தான் பழக்கம். அதிலும் இரண்டு குளோரின் உண்டு. ஆனால் அது மண்ணில் சில வாரங்களில் சிதைந்துவிடும். இருந்தாலும் சோதித்துவிடுவோம் என்று, உரம் பாதி, தென்னை நார்க்கழிவும் செம்மண்ணும் பாதி கலந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று தொட்டிகளும், உரமே கலக்காமல் மூன்று தொட்டிகளும் வைத்துத் தட்டைப்பயறு விதைத்தேன்.

இருபத்தொரு நாளில் எந்தத் தொட்டியிலும் இலை கிண்ணம் போலக் குழியவில்லை, தண்டு முறுக்கவில்லை. ஆகவே அந்த வகைக் களைக்கொல்லி இரண்டிலும் இல்லை என்று ஓரளவு நிம்மதியாகச் சொல்லலாம். தனியார் மூட்டை கலந்த தொட்டிகளில் மட்டும் இலை நுனி பழுப்பாகக் காய்ந்தது. அதைக் கண்டதும் களைக்கொல்லி என்று பதறக் கூடாது. நுனி கருகுவது உப்பின் வேலை. மண்ணில்லா விவசாயம் செய்யும் நண்பரிடம் பேனா வடிவ மின்கடத்துதிறன் மானியை இரவல் வாங்கி, ஒரு பங்கு உரத்துக்கு ஐந்து பங்கு நீர் கலந்து பார்த்ததில், உள்ளாட்சி உரம் 2.1 காட்டியது, தனியார் உரம் 5.6 காட்டியது. ஆணையின் வரம்பு 4.0. இரண்டு முறை நன்றாக நீர் விட்டு வடித்த பிறகு புதிய இலைகள் சரியாகவே வந்தன. இப்படிக் கழுவிப் போக்க முடிந்தது உப்பை மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சேவையைப் பற்றி. உரக்கூடத்துக்கு நேரில் போய்ச் சோதனை அறிக்கை கேட்டேன். மேற்பார்வையாளர் அலமாரியிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தார். கன உலோகங்கள் எல்லாம் வரம்புக்குள் இருந்தன. குப்பை எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, “சந்தைக் கழிவு, ஓட்டல் இலை, கோயில் பூ, இவ்வளவுதாங்க ஐயா; வீட்டுக் குப்பையில பிரிச்சுக் குடுக்குற நாலு தெருவை மட்டும் சேர்த்துக்குவோம், மத்ததை உள்ள விடுறதில்லை” என்றார். தொட்டிகளையும் காட்டினார். தூய்மைப் பணியாளர்களான மூன்று பெண்கள் தொட்டியில் போடும் முன் கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்குத்தான் கையுறை இருந்தது. அது எனக்கு வருத்தமளித்தது. மழைக்குத் தொட்டிகளின் மேல் போட்டிருந்தது என்னவென்று நிமிர்ந்து பார்த்தால், பழைய ஃபிளெக்ஸ் பேனர். “இது கிழிஞ்சு உள்ள விழாதாம்மா?” என்று கேட்டேன். “விழும் சார், பொறுக்கிடுவோம்” என்றார் ஒருவர். தகரக் கூரை போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தனியார் கிடங்கில் இத்தனை நேரம் ஆகவில்லை. எந்த ஊர்க் குப்பை என்ற கேள்விக்கு, “நாலு பக்கத்துல இருந்தும் வருது” என்பது விடை. எரிந்த கரி எப்படி வந்தது என்ற கேள்விக்கு, “கரி நல்லதுதானே சார், பயோசார்னு விக்கிறாங்களே” என்பது விடை. மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கரியும், கலப்புக் குப்பை திறந்தவெளியில் எரிந்த மிச்சமும் ஒன்றல்ல என்று விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது. சோதனை அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் வரவில்லை.

இனி, வாங்கியவர் அல்லது வாங்கப் போகிறவர் எதை எங்கே இடலாம் என்பது. பெரும்பாலான செடிகள் மண்ணிலுள்ள டையாக்சினை வேர் வழியாக மேலே ஏற்றுவதில்லை. மண் துகளோடு அது அவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஆகவே தக்காளி, கத்தரி, மிளகாய் போன்றவற்றில் ஆபத்து குறைவு. மண் தெறிக்காமல் மூடாக்குப் போட்டு, காயைக் கழுவினால் போதும். கீரைக்கு மண் தெறிக்கும். முள்ளங்கி, கேரட், சேனை போன்றவற்றில் தோலில் ஒட்டியிருக்கும். எதிர்பாராத விதிவிலக்கு பூசணிக் குடும்பத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சுக்கினி எனப்படும் சீமைச் சுரைக்காயும் பூசணியும் மண்ணிலிருந்து டையாக்சினை வேர் வழியாகவே உறிஞ்சிக் காய் வரை கொண்டுசெல்வது தெரியவந்தது. அதே குடும்பத்து வெள்ளரி அப்படிச் செய்யவில்லை. நம்மவர்கள் குப்பைமேட்டைக் கண்டால் முதலில் ஊன்றுவது பூசணி விதையைத்தான் என்பதை நினைத்துச் சிரிப்பதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை. வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோழி மண்ணைக் கிளறித் தின்னும். மண்ணில் உள்ளது கொழுப்பில் சேர்ந்து முட்டையின் மஞ்சள் கருவில் வந்து நிற்கும். மனித உடலில் டையாக்சின் பாதியாகக் குறைய 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இன்று சாப்பிட்ட ஒரு காயால் எதுவும் ஆகிவிடாது. ஆனால் சேர்ந்துகொண்டே போகும் பொருள் என்பதால், தெரிந்தே சேர்ப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

வேறு நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால், சோதனையைவிடப் பிரித்தலைத்தான் அவை நம்பியிருக்கின்றன. ஜெர்மனியின் விட்சன்ஹவுசன் என்ற சிறு நகரத்தில் 1983இல் சமையலறைக் கழிவுக்கெனத் தனித் தொட்டி வைத்துத் தொடங்கிய சோதனைத் திட்டம் பிறகு நாடு முழுவதும் பரவியது. பிரித்து வாங்கிய கழிவின் உரம் கலப்புக் குப்பை உரத்தைவிட மிகவும் தூய்மையாக இருந்ததே காரணம். அதே நாடு 1992இல் வயலுக்கு இடும் கழிவுநீர்ச் சேற்றுக்கு டையாக்சின் வரம்பாகக் கிலோவுக்கு 100 நானோகிராம் நச்சு ஈட்டளவு (அந்தக் குடும்பத்து உறுப்பினர்களின் நச்சுத்தன்மையை ஒரே அளவுகோலில் கூட்டிய கணக்கு) என்று சட்டத்திலேயே எழுதியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உரச் சட்டம், கலப்பு வீட்டுக் குப்பையிலிருந்து பிரித்தெடுத்த பொருளால் செய்த உரத்துக்குத் தன் முத்திரையைத் தருவதே இல்லை. நம் நாடும் இதில் ஒன்றும் அறியாததல்ல. இத்தகைய விடாப்பிடியான கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. எரியுலையின் புகைபோக்கிக்கு டையாக்சின் வரம்பும் வைத்தன. புகைக்கு வரம்பு வைத்த அதே விதிகளில் உரத்துக்கு வைக்க மறந்துவிட்டார்கள். அதே 2016இல் நகர உரம் விற்பனைக்கு டன்னுக்கு 1500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தபோதாவது, பிரித்த குப்பையின் உரத்துக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா 1939இல் நகரக் குப்பையை உரமாக்கும் முறையை வகுத்தபோது, குப்பையில் பி.வி.சி. கிடையாது. அவர் காலத்துக் குழியில் எதைக் கொட்டினாலும் எருவாகத்தான் வந்திருக்கும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: உள்ளாட்சி உரக்கூடத்தின் பைக்கு ஐந்தில் நான்கு தருவேன். ஒரு மதிப்பெண் ஃபிளெக்ஸ் கூரைக்கும் இல்லாத கையுறைக்கும் போனது. விலை சற்று அதிகம்தான். ஆனால் அந்த 20 ரூபாயில் பெரும்பங்கு கையால் பிரிப்பவரின் உழைப்புக்கான விலை. அதில் நான் பேரம் பேச மாட்டேன். கத்தரிக்கும் தக்காளிக்கும் நான்கில் ஒரு பங்கு இந்த உரம் கலந்தால் வேறு எதுவும் தேவைப்படவில்லை. தனியார் மூட்டைக்கு ஐந்தில் ஒன்றரை. அதுவும் பூச்செடி மட்டும் வளர்ப்பவர்களுக்கு. அதில் டையாக்சின் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை, இருப்பதற்கான தடயங்கள் இருக்கின்றன என்றுதான் சொல்கிறேன்.

மிச்சமிருந்த 38 கிலோவைச் சலித்து, சுற்றுச்சுவர் ஓரம் இருக்கும் அரளிக்கும் செம்பருத்திக்கும் இட்டு, மேலே நான்கு விரற்கடை செம்மண் போட்டு மூடிவிட்டேன். சலிப்பில் தங்கிய ஃபிளெக்ஸ் துண்டுகளைத் தனிப் பையில் கட்டி மக்காத குப்பை வண்டியில் கொடுத்தேன். உரக்கூடத்தில் செவ்வாய்க்கிழமைதான் புதுக் குவியலைச் சலிக்கிறார்கள்; காலை பத்து மணிக்கு மேல் போனால் பை கிடைப்பதில்லை.